மருத்துவர் கேட்கலாமா?

மனிதன் தன் வாழ்நாளில் பலருடைய கேள்விகளுக்கு விடை சொல்கிறான். பெற்றோர் கேட்கின்றனர், ஆசிரியர் கேட்கின்றார், அரசாங்க அலுவலர் கேட்கின்றார், சில வேளைகளில் நீதிபதியும் கேட்கின்றார். ஆயினும், மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குத் தனி இடம் ஒன்று உண்டு. உடன்பிறந்தாரிடமும் சொல்லக் கூசுவதை நாம் மருத்துவரிடம் சொல்லிவிடுகிறோம். குடிப்பழக்கம் உண்டா, இரவில் உறக்கம் வருகிறதா, வீட்டில் மனவேறுபாடு உண்டா என்றெல்லாம் அவர் கேட்கும்போது, ‘இவருக்கு இது எதற்கு?’ என்று நாம் சினப்பதில்லை. நம் நன்மைக்காகவே கேட்கிறார் என்னும் நம்பிக்கை ஒன்றே அதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கைக்கு எல்லை உண்டா? மருத்துவர் கேட்கக்கூடாத கேள்வி என்று ஒன்று இருக்கிறதா? இருக்குமாயின், அந்த எல்லையை வகுப்பது சட்டமா, மருத்துவரின் மனச்சான்றா, நோயாளியின் விருப்பமா? இவ்வினா ஏட்டளவில் எழுந்தது அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2011 முதல் 2017 வரை நீதிமன்றங்களின் வாயிலில் நின்ற வினா இது. ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?’ என்று ஒரு மருத்துவர் தம் நோயாளியைக் கேட்கலாமா, கூடாதா என்பதே வழக்கு.

துப்பாக்கியைக் காவலர் இடுப்பில் மட்டுமே கண்டு பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். மலேசியா 1971-லும் சிங்கப்பூர் 1973-லும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை விதிக்கும் சட்டங்களை இயற்றிக்கொண்டன. ஆதலால் இக்கேள்வியை நம் மருத்துவர்கள் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் நேர்வதில்லை. ஆயினும் அவ்வழக்கை ஊன்றி நோக்கின், அதனடியில் துப்பாக்கியைவிட ஆழமான பொருள் ஒன்று கிடப்பதைக் காணலாம். ஒருவரை மற்றொருவர் கேள்வி கேட்பதன் அறம் எது என்பதே அப்பொருள். கேள்வி கேட்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட ஆசிரியர்களும், விடை சொல்வதையே அன்றாடக் கடமையாகக் கொண்ட மாணவர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க பொருள் அது.

ஒக்காலாவில் நிகழ்ந்தது

புளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் ஒக்காலா என்னும் நகரம் உள்ளது. 2010-ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு தாய் தம் குழந்தையைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் வழக்கமான கேள்விகளினூடே, வீட்டில் துப்பாக்கி உண்டா என்றும் கேட்டார். அது தம் சொந்தச் செய்தி என்று கூறித் தாய் விடை சொல்ல மறுத்தார். தம்மிடம் வரும் பெற்றோர் அனைவரையும் இவ்வாறே கேட்பதாக மருத்துவர் விளக்கினார். வீட்டில் நீச்சல் குளம் உண்டா என்று கேட்பது எத்தகையதோ, இதுவும் அத்தகையதே என்பது அவர் கருத்து. தாய் இணங்கவில்லை. முடிவில் மருத்துவர், 30 நாள்களுக்குள் வேறொரு மருத்துவரைத் தேடிக்கொள்ளுமாறு கூறிவிட்டார்.

இச்செய்தி பரவியது. துப்பாக்கி உடைமையாளர் சிலர் இவைபோன்ற பிற குறைகளையும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் முறையிட்டனர். தேசியத் துப்பாக்கிக் கழகம் அவர்களுக்குத் துணை நின்றது. விளைவாக, 2011 ஜூன் 2-ஆம் நாள் துப்பாக்கி உடைமையாளரின் தனியுரிமையைக் காக்கும் சட்டம் ஒன்றில் புளோரிடா ஆளுநர் கையொப்பமிட்டார். நோயாளியின் மருத்துவத்திற்கோ பாதுகாப்பிற்கோ தொடர்புடையது என்று நல்லெண்ணத்துடன் கருதினாலன்றி, மருத்துவர் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கக்கூடாது, தொடர்பில்லாத நிலையில் அச்செய்தியை ஏட்டில் பதியக்கூடாது, துப்பாக்கி வைத்திருப்பவர் என்பதற்காக நோயாளியை வேறுபாடாக நடத்தக்கூடாது, தேவையின்றித் தொல்லைப்படுத்தக்கூடாது. மீறினால் 10,000 அமெரிக்க வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம். தொழில் உரிமத்தையும் பறிக்கலாம்.

மருத்துவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் 2011-லேயே சட்டத்திற்கு இடைக்காலத் தடை விதித்து, 2012-ல் அத்தடையை நிலையாக்கியது. மேல்முறையீட்டில் மூவர் அமர்வு 2014-ல் ஒரு முறையும் 2015-ல் இரு முறையும் மாநில அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒவ்வொரு முறையும் காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. இறுதியாக 2017 பிப்ரவரியில் பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, கேட்பதையும் பதிவதையும் தொல்லைப்படுத்துவதையும் பற்றிய விதிகள் மருத்துவரின் பேச்சுரிமைக்கு முரணானவை என்று கூறி அவற்றை நீக்கியது. வேறுபாடாக நடத்தக்கூடாது என்னும் விதியை மட்டும் நிற்கவிட்டது.

வழக்கின் வரலாறு இவ்வளவே. இனி, இரு தரப்பாரின் நியாயங்களையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

மருத்துவர் பக்கத்து நியாயம்

மருத்துவர் கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர் 48,000 பேருக்கு மேல். அவர்களுள் 27,000 பேருக்கு மேற்பட்டோர் பிறரால் கொல்லப்பட்டவர் அல்லர். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். துப்பாக்கி என்றவுடன் கொள்ளையனையும் கொலைகாரனையும் நினைக்கிறோம். ஆனால் இறப்புக் கணக்கு காட்டுவது வேறு. பாதிக்கு மேற்பட்ட இறப்புகளில், சுட்டவரும் மடிந்தவரும் ஒருவரே. மேலும், 2020 முதல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் இறப்பிற்குத் துப்பாக்கியே முதற்காரணமாகி, சாலை விபத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பிள்ளைகளின் உயிரைக் காப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர், அவ்வுயிரைப் பறிக்கும் முதற்காரணத்தைப் பற்றி வாய் திறக்கலாகாது என்பது எவ்வகையில் பொருந்தும்?

இங்கு இன்னொன்றையும் கருதவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கு நெடுநாள் வளர்ந்து முற்றும் முடிவு அன்று. திடீரென எழுந்து, சிறிது நேரத்தில் தணியக்கூடிய பேரலை. அவ்வலை எழும் வேளையில் கைக்கு எட்டுவது எது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களுள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் இறந்துவிடுகின்றனர். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களுள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பின்னாளில் அவ்வழியில் இறப்பதில்லை. இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பிழைத்தவர் வாழவே விரும்புகிறார். ஆனால் துப்பாக்கி அவரைப் பிழைக்க விடுவதில்லை.

ஆதலின் மருத்துவர் வேண்டுவது துப்பாக்கியை ஒழிப்பதை அன்று, காலத்தையும் தூரத்தையும். துப்பாக்கியைப் பூட்டி வை. குண்டுகளை வேறிடத்தில் வை. வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் நாள்களில் அதனை நம்பிக்கைக்குரிய உறவினரிடம் ஒப்படைத்து வை என்பதே அவர் கூறும் அறிவுரை. மருந்துப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாமல் வை என்று சொல்வதிலிருந்து இது வேறுபட்டதன்று.

மறுப்போர் பக்கத்து நியாயம்

இவ்வளவும் கேட்டபின், அத்தாயையும் அவரைப் போன்றோரையும் அறியாதார் என்று ஒதுக்கிவிட நமக்குத் தோன்றும். அது நேர்மையன்று. எதிர்த்தரப்பாரின் சொல்லில் உள்ள உண்மையையும் காணவேண்டும்.

முதலாவது, அந்நாட்டு மக்களுள் பெரும்பகுதியினர்க்குத் துப்பாக்கி வெறும் கருவி அன்று, உரிமையின் சின்னம். 1791-ல் அவர்தம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறுகிறது. அது தனிமனிதனின் உரிமையே என்று 2008-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அத்தகைய உரிமையைப் பற்றி ஒருவர் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அந்த ஏடு நாளை எங்கே செல்லும், யார் படிப்பார் என்னும் ஐயம் எழுவது இயல்பே. மருத்துவ ஏடுகள் இப்போது கணினியில் ஏறிவிட்டன. காப்புறுதி நிறுவனங்களும் அவற்றைக் காண்கின்றன. இந்த அச்சத்தை அந்நாட்டு நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது எனலாம். 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தில், உடல்நலத் திட்டங்கள் துப்பாக்கி உடைமையைத் தெரிவிக்குமாறு வற்புறுத்தக்கூடாது என்னும் விதி சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, மருத்துவரும் நோயாளியும் சமநிலையில் அமர்ந்திருப்பவர் அல்லர். ஒருவர் நாற்காலியில் அமர்ந்து கேட்கிறார்; மற்றவர் நோயோடும் கவலையோடும் விடை சொல்கிறார். குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது, ‘சொல்லமாட்டேன்’ என்று மருத்துவரை நோக்கிக் கூறுவது எளிதன்று. மருந்து அவர் கையில் இருக்கிறது. இந்நிலையில் கேட்கப்படும் கேள்வி, வடிவில் கேள்வியாக இருந்தாலும் பயனில் கட்டளையாகிவிடக்கூடும்.

மூன்றாவது, மருத்துவர் மருத்துவத்தில் வல்லவர். துப்பாக்கியைப் பற்றி அறிந்தவர் என்பதற்கு உறுதி இல்லை. தாம் அறியாத பொருளைப் பற்றி அறிவுரை கூறத் துணியும்போது அறிவுரை உபதேசமாக மாறுகிறது. உபதேசம் பழிப்பாக மாறுகிறது. வேட்டையிலும் தோட்டக் காவலிலும் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியைக் கையாண்ட ஒருவருக்கு, அதனைத் தொட்டறியாத ஒருவர் பாடம் சொல்ல வந்தால் அவர் மனம் புண்படும். 2018 நவம்பரில் தேசியத் துப்பாக்கிக் கழகம் மருத்துவர்களைத் தம் எல்லைக்குள் நிற்குமாறு ஏளனமாகக் கூறியது. குண்டடிபட்டவர்களை நாள்தோறும் அறுவைக் கூடத்தில் காணும் மருத்துவர்கள், இதுவே எங்கள் எல்லை என்று குருதி படிந்த படங்களை வெளியிட்டு விடையிறுத்தனர். இரு தரப்பாரும் தத்தம் புண்ணையே காட்டினர். மற்றவர் புண்ணைக் காணவில்லை.

நாட்டின் தலைமை மருத்துவராக முன்மொழியப்பட்ட விவேக் மூர்த்தி என்பவரின் நியமனம் 2014 டிசம்பர் வரை ஓராண்டிற்கு மேல் தடைபட்டு நின்றது. துப்பாக்கி உடல்நலத்தைச் சார்ந்த சிக்கலே என்று 2012-ல் அவர் எழுதிய கருத்தே அதற்குப் பெருங்காரணம். ஒரு சொல்லுக்கு இத்தனை எதிர்ப்பு எழும் நாட்டில், அச்சொல்லை மருத்துவக் கூடத்திற்குள் கொண்டுவருவது எத்துணைப் பக்குவத்தை வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

சட்டம் தடுத்ததும் தடுக்காததும்

இரு தரப்பு நியாயங்களையும் கண்டபின், ஒக்காலாவிற்கே திரும்புவோம். அங்கே நிகழ்ந்த தவறு எது?

மருத்துவர் கேட்டார். அது தவறாகத் தோன்றவில்லை. அனைவரையும் கேட்பது போலவே இவரையும் கேட்டார். குழந்தையின் பாதுகாப்பிற்காகக் கேட்டார். தாய் மறுத்தார். அதுவும் தவறன்று. தம் வீட்டினுள் இருப்பதை வெளியிடாதிருக்க அவருக்கு உரிமை உண்டு. அடுத்து நிகழ்ந்தது என்ன? விடை சொல்லாத காரணத்தால் மருத்துவர் அக்குடும்பத்தை விலக்கினார். தவறு இங்கேதான் பிறந்தது. அந்த நொடியில், அதுவரை அன்பினால் கேட்கப்பட்ட கேள்வி நுழைவுச் சீட்டாக மாறிவிட்டது. விடை கொடுத்தால் உள்ளே வரலாம். இல்லையேல் வெளியே போகவேண்டும். யாருக்காகக் கேட்டாரோ, அந்தக் குழந்தையே மருத்துவரை இழந்தது. அவ்வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால், குழந்தைக்கு நேரக்கூடிய இடர் அதனால் இம்மியளவும் குறையவில்லை. அறிவுரை சொல்லும் வாய்ப்பு மட்டும் என்றென்றைக்கும் போயிற்று.

இனிச் சட்டம் செய்ததைப் பாருங்கள். அது கேள்வியைத் தடுத்தது. ஆனால், நோயாளி விடை சொல்ல மறுப்பதால், தம் நோயாளிகளைத் தேர்ந்துகொள்ளும் மருத்துவரின் உரிமை மாறுபடாது என்று அதே சட்டம் கூறியது. அஃதாவது, தவறில்லாத செயலைக் குற்றமாக்கியது. தவறான செயலை இருந்தபடியே விட்டுவிட்டது. விடை மறுத்தவரை விலக்கும் வாயில் முன்போலத் திறந்தே கிடந்தது. சினத்தில் பிறந்த சட்டங்களுக்கு இக்குறை நேர்வதுண்டு. புண் எங்கே என்று தேடாமல், வலியால் கத்தியவர் காட்டிய இடத்தில் மருந்து தடவிவிட்டது.

முழு அமர்வின் தீர்ப்பு இதனை ஓரளவு நேராக்கியது. மருத்துவர் கேட்பதனால் எவருடைய துப்பாக்கியும் பறிபோவதில்லை. ஆகவே கேள்வியைத் தடுத்து அவ்வுரிமையைக் காக்கவேண்டிய தேவையில்லை என்று அது கண்டது. அதே வேளையில், துப்பாக்கி உடையவர் என்பதற்காக ஒருவரிடம் கட்டணம் கூட்டி வாங்குவது, அவர் விடுத்த செய்திக்கு மறுமொழி தராதிருப்பது போன்ற செயல்களைத் தடுக்கலாம் என்றும் கருதியது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நீதிபதிகள் கோடு இழுத்தனர். கேட்பது சொல், தண்டிப்பது செயல். சொல்லைத் தடுக்காதே, செயலைத் தடு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால், சட்டம் இழுக்கும் கோட்டோடு அறம் நின்றுவிடுவதில்லை. கேட்க உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. எவ்வாறு கேட்பது நன்று என்பதை அது கூறவில்லை, கூறவும் இயலாது. அதை வேறிடத்தில் தேடவேண்டும்.

கடைக்காரர் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ஷயர் என்றொரு சிறு மாநிலம் உண்டு. 2009-ல், ஒரு வார காலத்திற்குள், ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சென்று, வாங்கிய சில மணி நேரத்திற்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கடைக்காரருக்கு இச்செய்தி பின்னர்த் தெரிய வந்தது. சட்டத்தின்படி அவர் செய்தது எதுவும் குற்றமன்று. ஆயினும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. துப்பாக்கி விற்போரும், தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபட்டோரும், ஆய்வாளரும் ஒன்றுகூடினர். வாங்க வருபவரிடம் காணும் துன்பக் குறிகள் எவை, ஐயம் எழுந்தால் விற்பனையை எவ்வாறு தள்ளிவைப்பது என்று விற்பவர்க்கு வழிகாட்டும் குறிப்புகளை உருவாக்கினர். உதவி கிடைக்குமிடத்தைக் கூறும் சுவரொட்டிகளைக் கடைகளில் ஒட்டச் செய்தனர். இம்முயற்சி பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

துப்பாக்கியை விற்பவரே, வாங்குபவரின் மனநிலையைக் கூர்ந்து நோக்கவும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கவும் முன்வந்தார். அவரைத் தம் பகைவர் என்று எந்தத் துப்பாக்கி உடைமையாளரும் எண்ணவில்லை. ஏன்? அவர் துப்பாக்கியை வெறுப்பவர் அல்லர்; தம்முள் ஒருவர். அவர் கேட்பது கணக்கெடுப்பதற்கு அன்று. வாங்க வந்தவர் நாளையும் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்கு. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பது தெளிவானால், அதே கேள்வி உறவாகிவிடுகிறது.

மருத்துவத் துறையின் ஆய்வுகளும் இதற்கு அணுக்கமான பாடத்தையே புகட்டுகின்றன. அறிவுரையோடு நில்லாமல் துப்பாக்கியைப் பூட்டும் பூட்டையும் கையில் கொடுத்தபோது, பூட்டி வைப்போர் தொகை உயர்ந்தது. வெறும் சொல்லுக்கு அத்துணை வலிமை இல்லை. கேள்விக்குப் பின்னால் உதவி நிற்கவேண்டும். உதவி இல்லாத கேள்வி வேவு பார்ப்பதாகவே எண்ணப்படும்.

நம் நாடுகளில் இருந்த மௌனம்

இத்தகைய சிக்கல் நமக்கு இல்லை என்று எண்ணி நாம் ஆறுதல் அடைந்துவிடலாகாது. துப்பாக்கி நம்மிடையே இல்லை. ஆனால் துன்பம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நெடுங்காலம் பயன்பட்டது. உயிர்க்கு மிகக் கொடிய அந்நஞ்சை மலேசியா 2020 ஜனவரி முதல் தடை செய்தது. அதுவரை, தோட்டப்புறத்தில் மனமுடைந்த ஒருவரைக் காணும் மருத்துவரோ டிரெஸ்ஸரோ கேட்கவேண்டிய கேள்வி, ‘வீட்டில் துப்பாக்கி உண்டா?’ என்பதன்று, ‘வீட்டில் மருந்து வைத்திருக்கிறீர்களா?’ என்பதே. பயிர்க்கு அடிக்கும் நஞ்சையும் ‘மருந்து’ என்றே வழங்கும் நம் மக்களின் பேச்சில், அக்கேள்வியின் முழுப் பொருளும் அடங்கியிருந்தது.

ஆனால் அக்கேள்விக்கு உண்மையான விடை கிடைத்திருக்குமா? ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியையே குற்றமாக்கிச் சிறைத்தண்டனைக்கு வழி வகுத்திருந்தது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் அது குற்றமன்று. மலேசியாவில் 2023-ல் அப்பிரிவு நீக்கப்பட்டது. அதற்கு முன், பிழைத்து மருத்துவமனைக்கு வந்த ஒருவரிடம் ‘என்ன நடந்தது?’ என்று மருத்துவர் கேட்டால், உண்மையான விடை குற்ற ஒப்புதலாக அமைந்தது. தெரியாமல் குடித்துவிட்டான், கால் தவறி விழுந்துவிட்டாள் என்று கூறவே குடும்பத்தார் மனம் நாடும். மகனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய விடையை எந்தத் தாய் சொல்வாள்?

புளோரிடாவில் சட்டம் கேள்வியைத் தடுத்தது. நம் நாடுகளில் சட்டம் விடையைத் தடுத்தது. விளைவு ஒன்றே. காக்கவேண்டியவருக்கும் காக்கப்படவேண்டியவருக்கும் இடையே ஒரு மௌனம் குடிகொண்டது. அந்த மௌனத்தில் உயிர்கள் கரைந்தன. அமெரிக்கர் தம் மௌனத்தை 2017-ல் கலைத்தனர். நாம் நம்முடையதை அண்மையில்தான் கலைத்திருக்கிறோம். அவர்களை நோக்கிச் சிரிக்கும் தகுதி நமக்கு இல்லை.

கேள்வியின் அறம்

இதுவரை கண்டவற்றிலிருந்து, மருத்துவர் கேட்கலாம் என்பதோடு, கேட்கவேண்டிய இடத்தில் கேட்டே ஆகவேண்டும் என்றும் துணிந்து கூறலாம். ஆனால் அந்த உரிமைக்கு மூன்று கடமைகள் உண்டு.

காரணத்தை முதலில் கூறவேண்டும் என்பது ஒன்று. ‘உங்கள் மகன் சில வாரங்களாகச் சோர்ந்திருக்கிறான் என்கிறீர்கள்; ஆகவே கேட்கிறேன்’ என்று தொடங்கினால், கேள்வி வீட்டின் கதவைத் தட்டுகிறது. காரணம் கூறாமல் கேட்டால் அதே கேள்வி கதவை உடைக்கிறது.

மௌனத்தையும் விடையாக ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. மறுப்பதற்கு இடமில்லாத கேள்வி கேள்வியே அன்று. நோயாளி விடை சொல்லாவிட்டால் மருத்துவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘நன்று, சொல்லவேண்டா. இருக்குமானால் இவ்வாறு பூட்டி வையுங்கள்’ என்று அறிவுரையைக் கொடுத்துவிட்டுத் தம் பணியைத் தொடரலாம். அறிவுரைக்கு விடை தேவையில்லை. ஒக்காலா மருத்துவருக்கு இவ்வழி திறந்தே இருந்தது. அவ்வழியை மேற்கொண்டிருந்தால், சட்டமும் வழக்கும் எழாமலே போயிருக்கக்கூடும்.

விடையால் விடை சொன்னவருக்குத் தீங்கு நேராமல் காக்கவேண்டும் என்பது மூன்றாவது. மருத்துவக் கூடத்தில் கேட்டதை வெளியே கூறாதிருத்தல் கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே இடம்பெற்ற கடமை. தேவைக்கு மேல் எழுதி வைக்காதிருத்தல் அதன் இக்கால வடிவம். ஓர் உயிருக்கு உடனே இடர் நேரும் என்று கண்டாலன்றி அவ்வெல்லையைக் கடக்கலாகாது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக எண்ணுகிறார். அந்நான்கனுள் முதலில் வைக்கப்படுபவர் மருத்துவர் அல்லர், மருந்தும் அன்று, நோயுற்றவரே. நோயாளி மருத்துவத்திற்கு உள்ளாகும் பொருளாக மட்டும் இருந்தால் அவரை ஓர் உறுப்பாக எண்ணவேண்டிய தேவை இல்லை. மருத்துவம் அவரோடு சேர்ந்து செய்யப்படுவது. அவருக்குச் செய்யப்படுவது அன்று. ஆகவே அவர் இணங்கி விடை தரும் கேள்வியே மருத்துவத்திற்குப் பயன்படும்.

ஆசிரியர்களாகிய நாமும் நாள்தோறும் கேட்கிறோம். ‘ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை?’ என்பது சிறிய கேள்வி. ஆனால் அதன் விடை சில வேளைகளில் மிகப் பெரியது. இரவெல்லாம் தந்தை குடித்துவிட்டு அடித்தார் என்பது விடையாக இருக்கலாம். வீட்டில் விளக்கு இல்லை என்பது விடையாக இருக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்பதும் விடையாக இருக்கலாம். வகுப்பில் நாற்பது பேர் முன்னிலையில் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அந்த மாணவன் ‘மறந்துவிட்டேன், ஐயா’ என்றுதான் சொல்வான். அவன் பொய் சொல்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையைச் சொல்லக்கூடிய இடத்தை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை என்பதை எண்ணுவதில்லை. அதே கேள்வியைப் பள்ளி விட்டபின் தனியே அழைத்து, அருகில் அமர்த்திக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் அவன் சொல்லாமல் இருக்கலாம். இருக்கட்டும். நாளை சொல்வதற்கு ஓரிடம் உண்டு என்பதை அவன் அறிந்து செல்வான்.

ஒக்காலாவில் அந்தத் தாயும் மருத்துவரும் பகைவர் அல்லர். இருவரும் ஒரே குழந்தையின் நலத்தையே நாடினர். ஒருவர் கேட்பதில் உறுதியாக நின்றார். மற்றவர் மறுப்பதில் உறுதியாக நின்றார். மறுத்த பின்னும் உறவு தொடரலாம் என்பதை இருவருள் ஒருவராவது நினைவில் கொண்டிருந்தால், அக்குழந்தை தன் மருத்துவரை இழந்திராது. கேட்பவர் கடைசி வரை கைவிடமாட்டார் என்பதை விடை சொல்பவர் அறிந்திருக்கவேண்டும். அந்த உறுதியைத் தரக்கூடிய மருத்துவர் எதையும் கேட்கலாம்.